குனிந்து போகும் வீடு

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எனக்கு வாய் கொஞ்சம் கூடுதல். பிரிக்பீல்ட்ஸ் சேலைக்கடையில் சம்பளத்துக்குப் பேசிய வாயை, கிள்ளானில் எங்கள் வீட்டு ஹாலுக்கே கொண்டுவந்துவிட்டேன். தினமும் மாலையில் கைப்பேசியை ஸ்டாண்டில் மாட்டி, லைவில் சேலை விற்பேன்.

லைவ் ஓடும்போது வீட்டில் டிவி கிடையாது, குக்கர் விசில் கிடையாது. ஹாலைக் கடப்பவர்கள் கேமராவில் விழாமல் குனிந்து போக வேண்டும். சட்டம் போட்டது நான்தான். துறைமுகக் கிடங்கில் நாளெல்லாம் நின்றுவிட்டு வரும் என் கணவரும் குனிந்துதான் போவார். முதுகு வலிக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் நான் காதில் வாங்கியிருக்க மாட்டேன்.

மாமனார் இறந்தபோது ஹாலில் அவர் படத்தை வைத்து விளக்கேற்றினோம். கருமாதி வரைக்கும் அந்த விளக்கு அணையக் கூடாது. சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. "எப்போ லைவ்க்கா?" என்று வாடிக்கையாளர்கள் விடாமல் கேட்டார்கள். கருமாதிக்கு முன்பே ஒரு மாலை, படத்தையும் விளக்கையும் தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறையில் அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். விளக்குதான் அணையவில்லையே, அப்புறம் என்ன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். படம் இருந்த இடத்தில் பட்டுச்சேலைகளைத் தொங்கவிட்டேன்.

"அக்கா, இந்த மாம்பழ மஞ்சளப் பாருங்க, நேர்ல இன்னும் சூப்பரா இருக்கும் லா!" என்று நான் கூவிக்கொண்டிருந்தபோது கணவர் வந்தார். கையில் அப்பாவின் படத்துக்கு வாங்கிய மல்லிகைச் சரம். சேலைகள் தொங்கிய இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். சமையலறையில் விளக்கு வெளிச்சம் தெரிந்தது. பூவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, வழக்கம்போலக் குனிந்து, கேமராவுக்குக் கீழே தன் அப்பாவிடம் போனார்.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். மீதிச் சேலைகளையும் காட்டிவிட்டுத்தான் எழுந்தேன். போய்ப் பார்த்தால், சமையலறைத் தரையில் உட்கார்ந்து விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, தப்புதாங்க. மன்னிச்சிடுங்க."

"லைவ் முடிஞ்சிருச்சா? இப்போ அப்பாவ ஹால்ல வைக்கலாமா?"

திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன். சொந்த அப்பாவின் படத்தை வைக்க அவர் என்னிடம் அனுமதி கேட்டார். வெட்கத்தில் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இப்போது கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஒரு கடைக்கு மேலே அறை எடுத்து, அங்கேதான் லைவ். வீட்டுக்கு வந்தால் கைப்பேசி பைக்குள் போய்விடும். ஹாலில் மாமனார் படம் இருக்கிறது, டிவி சத்தமாகவே ஓடுகிறது. ஆனாலும் நான் சோபாவில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது கணவர் அந்தப் பக்கம் வந்தால், அவர் முதுகு தானாகக் குனிகிறது. ஊருக்கே பேசும் எனக்கு, "நிமிர்ந்து போங்க" என்று சொல்ல மட்டும் வாய் வருவதில்லை.