அது பட்டாணி, இது நெல்லு

மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் மிக்கேல்ராஜ் தன் டிபன் பாக்ஸைத் திறப்பதில்லை. முதலில் நம்முடையதைத் திறக்கச் சொல்வார். நாம் திறந்து குழம்பை ஊற்றுவதற்குள் அவருடைய இரண்டு விரல்கள் உள்ளே இறங்கிவிடும். ஒரே ஒரு பருக்கை. அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, நசுக்கி, மோந்து, முன்பல்லில் வைத்துக் கடித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வார். "வெள்ளப் பொன்னி. புது அரிசி, கொழஞ்சிருச்சு." அடுத்த டப்பாவுக்கு நகர்வார். "இது ஏ.டி.டி முப்பத்தாறு. குண்டு. கஞ்சிக்குத்தான் ஆகும்." கை கழுவிவிட்டு வந்தீர்களா என்று கேட்கும் தைரியம் எங்கள் ஆசிரியர் அறையில் இதுவரை ஒருவருக்கும் வந்ததில்லை.

ஒருமுறை மாதக் கடைசியில் என் டப்பாவுக்குள் விரலை விட்டார். "இது ரேஷன் சார்" என்றார், அறை முழுக்கக் கேட்கும்படி. அது உண்மைதான். எனக்குத் தெரிந்து அவர் சரியாகச் சொன்னது அது ஒன்றுதான். கணக்கு வாத்தியார் சேக் பரீது கொண்டுவந்த ஆந்திரா பொன்னியை ஐ.ஆர் இருபது என்று அடித்துச் சொன்னார். "மூட்டையே வீட்டுல கெடக்கு சார், பேரு போட்டிருக்கு" என்றார் சேக் பரீது. "சாக்குல என்ன வேணும்னாலும் எழுதுவான் சார். பல்லு பொய் சொல்லாது" என்றார் மிக்கேல்ராஜ்.

திண்டுக்கல்லில் நான் தமிழ் சொல்லிக்கொடுக்கும் பள்ளியில் அவர் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறார். ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட். சட்டையின் இடது பை எப்போதும் புடைத்திருக்கும். பழைய விடைத்தாளைக் கிழித்து மடித்த பொட்டலங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பிடி நெல். ஒரு மழைக்காலத்தில் சட்டையை ஊறப்போட்ட அவர் மனைவி ரோஸ்மேரி அதை மறந்துவிட, மூன்றாம் நாள் பைக்குள் நெல் முளைத்திருந்தது. "எங்க வீட்டுல சட்டையே வெளஞ்சிருச்சு" என்று அந்த அம்மாள் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. முளையை எண்ணிப் பார்த்து, முளைப்புத்திறன் தொண்ணூறு சதவீதம் என்று டைரியில் எழுதிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைச் சர்ச் பூசையிலும் அந்தப் பை அவரோடு வரும். 'என் பாவமே' என்று எல்லோரும் நெஞ்சில் தட்டிக்கொள்ளும் இடத்தில், மற்றவர்களுக்கு விரல் பட்டால் போதும். இவர் கையை மடக்கி இடது பையின்மேல் ஓங்கிக் குத்துவார். பேனாக்கள் கலகலக்கும், பொட்டலங்கள் சரசரக்கும். வழக்கமாக அவருக்குப் பின்வரிசையில் உட்காரும் எனக்கு இது நன்றாகக் கேட்கும். என்ன பாவம் என்று அப்போதெல்லாம் யோசித்ததில்லை.

நெல் எங்கே பிறந்தது என்று அவரிடம் மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்காவிட்டாலும் சொல்வார். "சீனாக்காரன் அவன் ஊருங்கிறான். நம்ம ஆத்தூர் கம்மாக்கரையில காட்டு நெல்லு தானா மொளச்சு நிக்குது, வந்து பாக்கச் சொல்லுங்க அவனை. காட்டு நெல்லு பழுத்தா உதுந்துரும் சார். எவனோ ஒருத்தன், உதுராம நின்ன கதிரப் பாத்து ஒடிச்சு வச்சான். அதுல இருந்து வந்ததுதான் இம்புட்டுச் சோறும். அவன் பேரு ஒருத்தனுக்கும் தெரியல. எம் பேரு அப்படிப் போகாது." அவன் ஒருத்தியாகவும் இருந்திருக்கலாமே என்றேன். "பொம்பளைக்கு ஏது சார் அம்புட்டுப் பொறுமை" என்றார். ஆத்தூரில் அவருடைய ஒன்றரை ஏக்கரில் குனிந்த முதுகு நிமிராமல் பதினான்கு பெண்கள் நட்டுக் கொடுத்த நெல்தான் அவர் வீட்டில் பொங்குகிறது.

அவர் பெயர் போகாமல் இருக்க வழி பிறந்தது தொண்ணூற்றேழு தை மாதத்தில். அந்த வயலில் இடுப்பளவு குட்டை நெல் போட்டிருந்தார். அதன் நடுவே ஒரே ஒரு பயிர் மட்டும் நெஞ்சளவு ஓங்கி, தூர் கட்டி, குலை குலையாகக் கதிர் தள்ளி நின்றது. பக்கத்து வயலின் நெட்டைப் பொன்னியிலிருந்து மகரந்தம் பறந்துவந்து எப்போதோ ஒட்டியிருக்கும். இதெல்லாம் எந்த வயலிலும் நடப்பதுதான். மிக்கேல்ராஜ் வீட்டுக் கொசுவலையை அவிழ்த்துக்கொண்டு போய் அந்தப் பயிருக்குக் கட்டினார். குருவி கொத்தாமல் இருக்கப் பத்து நாள் விடுப்புப் போட்டு வரப்பில் உட்கார்ந்திருந்தார். ரோஸ்மேரி அந்தப் பத்து நாளும் கொசுக்கடியில் தூங்கினார். விளைந்த நெல்லை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, அந்தோனியார் சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அதற்கு மிக்கேல் பொன்னி என்று பெயரும் வைத்துவிட்டார்.

அடுத்த வருடம் பாட்டிலில் பாதியை நாற்றுப் பாவி, வயலின் மூலையில் இரண்டு சென்ட்டில் நட்டார். நட்டார் என்பது அவர் சொல்வது. நட்டது மாயம்மாள். ஆத்தூர்ப் பக்கம் நடவு என்றால் முதலில் அவளுக்குத்தான் ஆள் அனுப்புவார்கள். நாற்றைக் கையில் பிடித்தாலே அது என்ன நெல் என்று சொல்லிவிடுவாள். பல்லெல்லாம் தேவையில்லை. அன்றைக்கு நாற்றுமுடியை அவிழ்த்ததுமே, "வாத்தியாரய்யா, நாத்து ஒண்ணுபோல இல்லையே. கலப்பு மாதிரி தெரியுது" என்றிருக்கிறாள். "நீ நடு, பேசாத" என்றிருக்கிறார் இவர்.

மார்கழியில் விழா எடுத்தார். ஓவிய வாத்தியார் டோனி எழுதிய பலகை வரப்பில் நின்றது: மிக்கேல் பொன்னி. கண்டுபிடிப்பு, எஸ்.மிக்கேல்ராஜ், எம்.எஸ்ஸி., பி.எட். பங்குச் சாமியார் தீர்த்தம் தெளிக்க வந்தார். தலைமையாசிரியர் வந்தார். வயல்காரர்கள் இருபது பேர். மாயம்மாளும் துவைத்த சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பயிரோ, பள்ளிக்கூடத்தில் எல்லா வகுப்பையும் கலந்து பிரேயருக்கு நிறுத்தியது போல நின்றது. நெஞ்சளவு கொஞ்சம், இடுப்பளவு கொஞ்சம், முழங்கால் உயரத்தில் கொஞ்சம். சாமியார் நல்ல மனிதர், உள்நோக்கம் இல்லாமல்தான் கேட்டார். "இதுல எது மிக்கேல் பொன்னி, சார்?"

வயல்காரர்கள் சிரித்துவிட்டார்கள். மிக்கேல்ராஜின் கண் அங்கும் இங்கும் அலைந்து மாயம்மாள்மேல் போய் நின்றது. "இவ கலந்துட்டா ஃபாதர். வேற நாத்தக் கொண்டாந்து ஊடால சொருகிட்டா. எங் கண்டுபிடிப்பையே கெடுத்துட்டா." மாயம்மாள் வாயைத் திறப்பதற்குள் பலகையைப் பிடுங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டார்.

ஒரு வாரம் கழித்து, பக்கத்து வகுப்பில் அவர் பாடம் நடத்துவது சுவர் தாண்டி எனக்குக் கேட்டது. வருடம் தவறாமல் நடத்தும் பாடம்தான். மெண்டல் என்ற துறவி பட்டாணிச் செடியை வைத்துச் செய்த சோதனை. நெட்டைச் செடியையும் குட்டைச் செடியையும் கலந்தால் முதல் தலைமுறை எல்லாம் நெட்டை. அந்த நெட்டையின் விதையை மறுபடி போட்டால், நெட்டையும் குட்டையுமாகப் பிரிந்து வரும். "எழுதிக்கங்கடா. அஞ்சு மார்க். கட்டாயம் வரும்." இருபத்தெட்டு வருடமாகக் கட்டாயம் வரும் என்று சொல்லிக்கொடுத்தது, அவர் வயலுக்கே வந்து நின்றிருக்கிறது. தமிழ் வாத்தியாரான எனக்கே விளங்கிவிட்டது. மணி அடித்ததும் போய்ச் சொன்னேன். அவர் சாக்பீஸ் கையைத் தட்டிக்கொண்டே என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அது பட்டாணி சார். இது நெல்லு."

கொஞ்சம் போனவர் திரும்பி வந்து சொன்னார். "அதுபோக, அந்தப் பட்டாணிச் சாமியாரு அவரே நட்டாரு. கூலிக்கு ஆள் விடல."

நாற்றைக் கலந்தாள் என்ற சொல் ஒரு நடவுக்காரிமேல் விழக் கூடாது. விழுந்துவிட்டது. சொன்னவர் படித்தவர், எம்.எஸ்ஸி. அடுத்த போகத்தில் மாயம்மாளுக்கு யாரும் ஆள் அனுப்பவில்லை. அவளோடு சேர்ந்து நட்ட பதினான்கு பேர் கலைந்து வேறு வேறு ஆளோடு போனார்கள். அவள் தினம் விடியற்காலையில் செம்பட்டிப் பக்கம் பூப்பறிக்கப் போனாள். அங்கேயும் பக்கத்து நிரைக்காரி, "பூவையாச்சும் கலக்காம போடு" என்று கேலி பேசியிருக்கிறாள்.

தொண்ணூற்றொன்பது ஆடியில் ஒருநாள் மாயம்மாள் பள்ளிக்கே வந்துவிட்டாள். வேப்பமரத்தடியில் நானும் மிக்கேல்ராஜும் நின்றிருந்தோம். சத்தம் போடவில்லை, அழவுமில்லை.

"வாத்தியாரய்யா, அந்த வெதயில மிச்சம் வச்சிருக்கீங்கல்ல. அத உங்க கையால பாவுங்க. உங்க வீட்டு மாடியில தொட்டியில வச்சு நீங்களே நடுங்க. நான் அந்தப் பக்கமே வரல. கதிரு வெளிய தள்ளாம தொண்டைக் கதிரா இருக்கையில வந்து பாக்குறேன். ஒண்ணுபோல நின்னா, ஆமா, நாந்தான் கலந்தேன்னு ஒத்துக்கிறேன். ஏத்த எறக்கமா நின்னா, ஞாயித்துக்கெழம உங்க கோயில் விட்டு ஆளுக வெளிய வாரப்ப, அம்புட்டுப் பேரு முன்னாடியும் நீங்க சொல்லணும், மாயம்மா கலக்கலன்னு."

"செஞ்சுட்டாப் போச்சு" என்றார் மிக்கேல்ராஜ், என் பக்கம் பார்த்துச் சிரித்தபடி. அவர் நடிக்கவில்லை, மனசார நம்பினார். அன்றைக்கு எனக்கு அவர்மேல் வந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

பள்ளிக்கு வெள்ளையடித்துக் காலியான பெயின்ட் வாளிகள் பன்னிரண்டு அவர் வீட்டு மாடிக்குப் போயின. வாளிக்கு ஒரு பயிர். அவரே மண் சுமந்தார், அவரே நட்டார், அதைப் பற்றி ஆசிரியர் அறையில் தினமும் பேசினார். புரட்டாசி பாதிவரை பேசினார். பிறகு பேச்சு நின்றுவிட்டது. பயிர் எப்படி சார் என்று சேக் பரீது கேட்டால், "வருது" என்பார். அடுத்தவர் டப்பாவில் விரல் விடுவதும் கொஞ்ச நாள் நின்றிருந்தது. எங்களுக்கு அது நிம்மதியாக இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை காலை, சாட்சிக்கு வரும்படி மாயம்மாள் சொல்லி அனுப்பியிருந்ததால் நான் கொஞ்சம் முன்னதாகவே போனேன். மாடியில் மிக்கேல்ராஜ் மட்டும் இருந்தார். சுவரோரம் பன்னிரண்டு வாளிகள். ஏழு பயிர் என் நெஞ்சுக்கு வந்தன. இரண்டு இடுப்பளவு. மூன்று முழங்காலைத் தாண்டவில்லை. மாயம்மாளோ அவளுடைய பதினான்கு பேரோ அந்தப் படியில் கால் வைத்ததில்லை. அப்பாடா என்று இருந்தது எனக்கு. இனி ஒளிக்க ஒன்றுமில்லை, நாளைக்குக் கோயில் வாசலில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று நினைத்தேன்.

"சார், செத்த இந்தச் சணலப் பிடிங்க" என்றார். பிடித்தேன். முதல் வாளியிலிருந்து கடைசி வாளிவரை, குட்டைப் பயிரின் உயரத்துக்குச் சணலை இழுத்து மறுமுனையைக் கட்டினார். பயிர் சாயாமல் இருக்கக் கட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். அப்புறம் ரோஸ்மேரியின் தையல் கத்தரிக்கோலை எடுத்தார். கதிர் இன்னும் தொண்டைக்குள் இருந்த பயிர்களை, சணலுக்கு மேலே இருந்ததையெல்லாம், வரிசையாக நறுக்க ஆரம்பித்தார். அவசரப்படவில்லை. கரும்பலகையில் கோடு போடுகிற அதே கவனம். சணலின் ஒரு முனை என் கையில் இருந்தது. அதை உடனே கீழே போட்டேன் என்று எழுத ஆசைதான். ஏழாவது வாளிவரை பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்ன சார் இது?" என்றேன் கடைசியில்.

"ஒழுங்குபடுத்துறேன்" என்றார்.

கீழே கேட் சத்தம் கேட்டது. "ஏங்க, மாயம்மா வந்திருக்கு. அதுகூட நடவு நட்ட அய்யம்மாளும் வந்திருக்கு. மேல வரச் சொல்லவா?" என்று ரோஸ்மேரி குரல் கொடுத்தார். மிக்கேல்ராஜ் தரையில் கிடந்த தோகைகளை இரண்டு கையாலும் வாரினார். போட இடம் தேடினார். மாடியில் அந்தப் பன்னிரண்டு வாளிகளைத் தவிர ஒன்றும் இல்லை. மடித்துச் சுருட்டி, பொட்டலங்களுக்கு மேலே, சட்டைப் பைக்குள் திணித்தார். சணலை அறுத்துக் காலடியில் போட்டு மிதித்துக்கொண்டு நிமிர்ந்தபோது அவர்கள் வந்துவிட்டார்கள்.

"வா மாயம்மா. நல்லாப் பாத்துக்க. எல்லாம் ஒரே மட்டம்" என்றார், வகுப்பில் பேசும் குரலில்.

மாயம்மாள் ஒவ்வொரு வாளியாகப் பார்த்துக்கொண்டு போனாள். மூன்றாவது வாளியில் குனிந்து தூரைக் கையால் வளைத்துப் பிடித்துப் பார்த்தாள், கட்டைவிரல் தடிமன் இருந்த தண்டு. நறுக்கின இடத்தில் விரல் வைத்தாள். ஈரம் பட்டிருக்க வேண்டும், விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். பிறகு வாளிகளை விட்டுவிட்டு அவர் எதிரில் வந்து நின்றாள்.

"பையில பச்சையா என்னங்கய்யா?" என்றாள்.

மிக்கேல்ராஜ் குனிந்து பார்த்தார். பேனாக்களுக்கு நடுவே தோகைகள் ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவருடைய வலது கை எழுந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் எந்த இடத்தில் போய் ஓங்கி விழுமோ, அதே இடத்துக்கு வந்தது. அங்கே வந்ததும் மடங்கவில்லை, குத்தவில்லை. ஐந்து விரலையும் அகல விரித்துப் பையை மூடிக்கொண்டது.