புதர்க் கதிர்க்குருவி திரும்பி வந்த காலை

சலீம் நானா மௌத்தாகிவிட்டார். கலஹா பஸாரில் மணிக்கூடு திருத்துபவர்... குருவி பார்க்கிற நானா என்றால் எல்லோருக்கும் தெரியும்.

இன்று விடியற்காலை. பகல் தொழுகையோடு அடக்கமும் முடிந்துவிட்டது. நான் போகவில்லை. எனக்குத் தெரியாது.

மூன்று வருடங்களுக்கு முன் தேயிலை மலையில் புல் வெட்டும்போது, மூங்கில் பத்தைக்கு அடியில் ஒன்றைக் கண்டேன். நேரே நானாவின் கடைக்குப் போனேன்.

"குருவிதான் நானா. ஆனா எலி மாதிரி தரையிலயே ஓடுது."

"மாணிக்கண்ணே, அந்த எலிக்கு ரெக்க ஈந்தா?"

"ரெண்டு இருந்துச்சு நானா."

சிரித்துக்கொண்டே புத்தகத்தை விரித்தார். நான் விரல் வைத்த படத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. புதர்க் கதிர்க்குருவி. நுவரெலியாப் பக்கத்து உயர்ந்த மலைகளில், குளிர்க்காட்டில்தான் இருக்குமாம்... இவ்வளவு கீழே இறங்குவது அபூர்வமாம்.

முழங்கால் வலியோடு பதினொரு நாள் விடியற்காலையில் என்னுடன் மலை ஏறினார். ஒரு நாளும் அவர் கண்ணில் படவில்லை.

நானா சொல்லி அனுப்பியதும், கண்டியில் குருவி பார்ப்பவர்கள் கண்ட விவரத்தை எழுத்தில் கேட்டார்கள். "எனக்கு எழுத வராதே. நீங்களே கண்டதா எழுதிக் குடுத்துருங்க நானா" என்றேன்.

அன்றுதான் என்னை ஏசினார். "காணாதத கண்டெண்டு எழுதவா? கண்டவர்தான் எழுதணும். படிச்சிட்டு எழுதுங்க!"

அதற்காகவே கோவில் மண்டபத்து முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். எழுபத்தொரு வயதில்! முதன்முதலாக என் பெயரை எழுதியதும் கடைக்கு ஓடினேன். மணிக்கூடு பார்க்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "கொஞ்சம் ஸ்லோ. ஆனா ஓடுது" என்றார்.

இன்று காலை அந்தக் குருவி வந்தது... அதே மூங்கில் பத்தை.

காட்டுக்குள் உட்கார்ந்தால் ஃபோனை ஓஃப் பண்ண வேண்டும். அது நானாவின் சட்டம். பண்ணியிருந்தேன்.

பகல் தாண்டும் வரை இருந்து எல்லாம் எழுதினேன். நாள், நேரம், இடம், நிறம். என் கையால். சந்தோஷத்தில் பசிக்கவும் இல்லை. தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேரே பஸாருக்கு இறங்கினேன்.

கடை பூட்டியிருந்தது.

"எங்க போன நீங்க? எத்தன தரம் கோல் எடுத்த!" என்றார் பக்கத்துக் கடைக்காரர். பிறகுதான் சொன்னார்.

இதை எழுத எனக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது. பரவாயில்லை.

நானா, தாளில் ஓர் இடம் மட்டும் மிச்சம் இருந்தது. உடன் கண்டவர் யார் என்று. உங்கள் பெயரைப் போட ஆசைதான்... ஏசுவீர்கள்.

யாரும் இல்லை என்றே எழுதிவிட்டேன்.

போய் வாருங்கள் நானா.