மழை முதலில் விழும் வயல்

உச்சவரம்புச் சட்டத்தில் பண்ணையிடமிருந்து பிரிந்த நிலம் எங்கள் தெருவுக்கு வந்தது. அதற்காகக் கொடி பிடித்தோம், அடியும் வாங்கினோம். யாருக்கு எந்தத் துண்டு என்று நாங்களே பேசிக்கொண்டோம்.

எல்லோரும் மேற்கே, வாய்க்கால் தலைப்பில் கேட்டார்கள். நான் கிழக்குக் கடைசியைக் கேட்டேன். அதைத் தாண்டினால் உப்பளம், அப்புறம் கடல்.

யோசித்துத்தான் கேட்டேன். யோசித்ததுதான் வினை. ஆடிக்காற்று தன் மழையைக் குடகு மலையிலேயே கொட்டிவிட்டு எங்களுக்குப் புழுதியை மட்டும் கொண்டுவரும். அந்த மழை ஆறாகி வந்து சேர்வதற்குள் கடைமடையில் வாய்க்கால் நனைந்தால் பெரிது. எங்கள் மழை ஐப்பசியில் கடலிலிருந்து வருவது. அப்படியானால் கடலோரத்தான்தானே முதல் ஆள்?

"மழ விழும். விழுந்த தண்ணி எங்கங்க போவும்?" என்றாள் மனைவி.

"அதான் பக்கத்துலயே கடல் இருக்கே" என்றேன்.

பிறந்ததிலிருந்து சேற்றில் நின்றவன் நான். ஆனால் எப்போது விதைப்பது, தண்ணீரை எங்கே வெட்டிவிடுவது என்பதையெல்லாம் பண்ணைக் காரியஸ்தர் சொல்லுவார். நான் குனிந்தே இருந்தேன். நிமிர்ந்து வானத்தைப் பார்த்தது அந்த வருஷம்தான்.

சொந்த நிலத்தில் முதல் நடவு. ஐப்பசியில் மழை வந்தது. சொன்னபடி என் வயலில்தான் முதலில் விழுந்தது. நனைந்துகொண்டே வரப்பில் நின்று பக்கத்து வயல் மச்சானைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

மழை விடவில்லை. மேலே இருந்த வயல்களின் தண்ணீரெல்லாம் என் வயல் வழியாகத்தான் இறங்கியது. பௌர்ணமி. கடல் ஏறி நின்றது. வடிகாலில் தண்ணீர் போவதற்குப் பதில் எதிரே வந்தது. பயிரின் நுனிகூடத் தெரியவில்லை.

மச்சான் வந்து பார்த்தார்.

"மாப்ளே, மீன் குத்தகை யாருக்கு வுடுற?"

மனைவி கடலை ஒரு தடவை பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் ஏதாவது பேசியிருந்தால் தேவலாம்.

கடல் இறங்கியதும் தண்ணீர் வடிந்தது. பயிர் பாதிக்குமேல் அழுகியிருந்தது. மச்சான் தன் வயலில் அடர்த்தியாக இருந்த பயிர்க் குத்துகளைக் கலைத்துக் கொடுத்தார். அவர் வீட்டுப் பெண்களும் இறங்கி நட்டார்கள். மாசியில் அறுத்தோம். சாப்பாட்டுக்கு ஆனது. விற்க இல்லை.

"மேக்கால ஒரு துண்ட மாத்திக்கிறியா?" என்று தெருவில் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். வடிகாலை ஆழமாக வெட்டினேன், கரையை உயர்த்தினேன். என் முதல் நிலம். முட்டாள்தனமாகக் கேட்டு வாங்கியது என்றாலும் கேட்டு வாங்கியது.

இன்றும் கிழக்கே கருத்தால் மச்சான் வரப்பிலிருந்து கத்துவார்: "மாப்ளே, ஒன் மழ வருது, எடுத்து வச்சிக்க!"

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போவேன்.