நஷ்டத்தைக் கெடாமல் பார்த்துக்கொண்டவர்

பேருந்துகளில் ஏறி டிக்கெட் பரிசோதிப்பது அவருடைய வேலை. டிக்கெட்டை நீட்டுகிறவர்களிடம் அவருக்கு ஆர்வம் கிடையாது. வாங்கிப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் வருத்தத்தோடு திருப்பித் தருவார். பையைத் துழாவித் தேடுவதுபோல் நடிக்கிற ஒருவராவது அகப்பட்டால்தான் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கும். டிக்கெட் என்பது ஓர் ஒப்பந்தம் என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஒரு வாக்கியத்தைக் கையில் வைத்துக்கொண்டு உலகம் முழுவதையும் பரிசோதிக்கக் கிளம்பிவிட்டார்.

சலவைக்கடைக்காரர் சட்டைக் காலரைத் தீய்த்துவிட்டு, புதுச் சட்டையே வாங்கித் தருவதாகச் சொன்னார். பரிசோதகர் மறுத்துவிட்டார். கடிகாரக் கடைக்காரர் ஓடாத கடிகாரத்தைக் காசில்லாமல் சரிசெய்து தருவதாகக் கெஞ்சினார். அதற்கும் மறுப்புத்தான். சரிசெய்துவிட்டால் அப்புறம் கையில் என்ன இருக்கும்? தீய்ந்த சட்டையும் நின்ற கடிகாரமும் கைப்பிடி கழன்ற குக்கரும் சாட்சிகளாக அவர் வீட்டு அலமாரியில் குடியிருந்தன. சேலை வைக்க இடமில்லாமல் அவர் மனைவி கட்டிலுக்கடியில் பெட்டி வைத்துக்கொண்டார். தெருவில் அவருக்கு ‘நஷ்டஈடு’ என்று பெயர். அதற்காக அவர் கோபப்பட்டதில்லை.

இழப்பீட்டின் அடிப்படை எளிமையானது. கொடுத்த வாக்கு காப்பாற்றப்பட்டிருந்தால் ஒருவர் எந்த நிலையில் இருந்திருப்பாரோ, அந்த நிலையில் அவரைப் பணத்தால் கொண்டுபோய் நிறுத்துவது. பரிசோதகரைப் பொறுத்தவரை இதில் ஒரு சிக்கல் இருந்தது. எல்லோரும் வாக்கைக் காப்பாற்றுகிற உலகத்தில் அவர் எந்த நிலையிலும் இருந்திருக்க மாட்டார்.

அவர் மனைவியைத் தெருவில் தையலம்மா என்பார்கள். மாடியில் இருந்த ஒற்றை அறைதான் அவருடைய தையற்கூடம். அந்த அறையின் மேல்தளம் பழசாகிக் கசிய ஆரம்பித்ததால், மேல்பூச்சைப் புதிதாகப் போட ஒரு மேஸ்திரியிடம் பேசி முன்பணம் கொடுத்தார்கள். மேஸ்திரி வந்தார், பழைய பூச்சை முழுவதும் கொத்தி எடுத்தார், போனார். வேறெங்கோ பெரிய வேலை கிடைத்துவிட்டது. போன் அடித்தால் எடுப்பதில்லை. அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது.

வேறு யாராக இருந்தாலும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார்கள். பரிசோதகருக்கு முகம் தெளிந்துவிட்டது. தினமும் காலையில் மாடியறைக்குப் போய், ஈரம் எதுவரை பரவியிருக்கிறது என்று சுவரில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுவார். வளரும் பிள்ளையின் உயரத்தைக் குறித்துவைக்கிற தகப்பனுக்குக்கூட அத்தனை பூரிப்பு இருக்காது.

“ஒரு தார்ப்பாய் வாங்கி மேல போட்டா என்னங்க? தண்ணி மெஷின் மேலயே சொட்டுது” என்றார் தையலம்மா.

“போட்டா ஒழுகாது.”

“அதுக்குத்தானே போடறது.”

“ஒழுகலைன்னா நஷ்டம் எங்கன்னு அவன் வக்கீல் கேப்பான். நீ பேசாம இரு.”

தையலம்மாவுக்கு நிம்மதி இல்லை. பள்ளி திறப்பதற்குள் பிள்ளைகளுக்குச் சீருடை தைத்துத் தருவதாக ஒரு பள்ளிக்கூடத்தில் ஒப்புக்கொண்டிருந்தார். வெட்டிய துணி மூட்டை மூட்டையாகக் கிடந்தது. ஈரம் பட்ட வெள்ளைத் துணியில் பழுப்புக் கறை இறங்கினால் போகாது. சொன்னபடி கொடுக்காவிட்டால் பள்ளிக்கூடத்துக்காரர்கள் இனித் தன் பக்கம் திரும்ப மாட்டார்கள் என்று கணவரிடம் சொன்னார்.

பரிசோதகரின் கண் விரிந்தது. “திரும்ப வேண்டாமே. அதையும் சேர்த்துக் கேக்கலாம். அதுக்கு விளைவு நஷ்டம்னு பேரு.”

“அது நான் கொடுத்த வார்த்தைங்க.”

“போனா போகட்டும். பணமா வரும்ல.”

தையலம்மா அவரைப் பார்த்தார். கறை எதுவரை இறங்கியிருக்கிறது என்று பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. மறுநாள் அவர் வேலைக்குப் போன பிறகு ஒரு வேனைக் கூப்பிட்டு, மெஷினையும் துணி மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். தங்கை முன்னறையைக் காலி செய்து கொடுத்தாள். தங்கையின் புருஷர் கறாரானவர். சொந்தம் என்றாலும் வாடகை பேசித்தான் உள்ளே விட்டார். பரிசோதகர் இதைக் கேள்விப்பட்டு, மனைவி வீட்டை விட்டுப் போனதும் மேஸ்திரியால் வந்த வினைதானே என்று கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

மேஸ்திரி மேல் பரிசோதகர் போட்ட வழக்கு விசாரணைக்கு வந்தது. சுவர், மெஷின், கைவிட்டுப் போன சீருடை வேலை, மன உளைச்சல் என்று பரிசோதகரின் கோரிக்கை நீண்டது. சீருடை உண்மையிலேயே கைவிட்டுப் போயிற்றா என்று அவர் மனைவியிடம் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது, மழைதான் விடாமல் பெய்ததே. அந்தத் துணிச்சலில் மனைவியையே தன் தரப்புச் சாட்சியாகக் கூப்பிட்டார். மழையால் எத்தனை துணி வீணானது என்று அவருடைய வக்கீல் உருக்கமாகக் கேட்டார்.

“ஒண்ணும் வீணாகலைங்க. எல்லாம் தெச்சுக் கொடுத்துட்டேன்.”

வக்கீல் தன் கட்சிக்காரரைத் திரும்பிப் பார்த்தார். கட்சிக்காரர் கூரையைப் பார்த்தார். நீதிமன்றத்தின் கூரை ஒழுகவில்லை.

நீதிபதியம்மா பரிசோதகரிடம், மழை வந்ததும் ஏன் ஒரு தார்ப்பாய்கூடப் போடவில்லை என்று கேட்டார். அது மேஸ்திரியின் கடமை, தன் கடமை இல்லை என்றார் பரிசோதகர்.

“வீடு யாரோடது? மேஸ்திரியோடதா?”

வேறு ஒரு ஆளை வைத்து வேலையை முடித்துவிட்டு, கூடுதலாக ஆன செலவை மேஸ்திரியிடம் கேட்டிருக்கலாமே என்றும் கேட்டார். அப்படி ஒரு வழி இருந்தது பரிசோதகருக்குத் தெரியாமல் இல்லை. அதில் சுவாரசியம் இல்லை, அவ்வளவுதான்.

தீர்ப்பு சுருக்கமாக வந்தது. முன்பணத்தை மேஸ்திரி திருப்பித் தர வேண்டும். தடுத்திருக்கக்கூடிய நஷ்டத்தைத் தடுக்காமல் பார்த்துக்கொண்டு இருந்தவர் அதற்கு ஈடு கேட்க முடியாது. ஆனால் நஷ்டத்தைக் குறைப்பதற்காக நியாயமாகச் செய்த செலவு செல்லும். அப்படிச் செய்த செலவு என்று வழக்கு முழுவதிலும் இரண்டுதான் இருந்தன: தையலம்மா பிடித்த வேன், தங்கை புருஷருக்குக் கொடுத்த வாடகை. பரிசோதகருக்கு இழப்பீடு கிடைத்துவிட்டது, அவர் மனைவி அவரை மதிக்காமல் செய்த காரியத்துக்காக.

அன்று மாலையே பரிசோதகர் சகலை வீட்டுக்குப் போய் மனைவியைக் கூப்பிட்டார். தளம் போட்டாயிற்றா என்று தையலம்மா மெஷினை நிறுத்தாமலே கேட்டார். மேல்முறையீடு செய்யப் போவதாகவும், தளத்தைப் போட்டுவிட்டால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது என்றும் பரிசோதகர் விளக்கினார். உள்ளே இருந்து சகலை, அப்படியானால் அடுத்த மாத வாடகையை இப்போதே கொடுத்துவிடலாம் என்று குரல் கொடுத்தார்.

பரிசோதகர் நேராக வக்கீலிடம் போனார். மனைவி திரும்பி வர மறுப்பதால் ஓட்டலில் சாப்பிட வேண்டியிருக்கிறது, தனியாக இருக்க வேண்டியிருக்கிறது, இதையெல்லாம் மேஸ்திரியிடம் கேட்க முடியுமா என்றார். வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“முடியாது சார். அந்த ஒப்பந்தத்தை மீறினது மேஸ்திரி இல்ல.”

இதற்குக் கட்டணம் வாங்காததுதான் அந்த வக்கீலைப் பற்றிச் சொல்லக்கூடிய ஒரே நல்ல விஷயம்.

மேல்முறையீட்டு எண்ணத்தை விட்டுவிட்டு அவர் கூப்பிட, மழை விட்ட நாட்களில் வேறொரு மேஸ்திரி வந்து தளத்தைப் போட்டு முடித்தார். பரிசோதகர் மனைவியை மறுபடி கூப்பிட்டார். தையலம்மா வந்தார், பெட்டியில்லாமல், ஒரு வெள்ளைத் துணியோடு மட்டும். மாடியறைத் தரை முழுவதும் அதை விரித்தார். தளத்தின் மேல் ரப்பர் குழாயைப் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிடும்படி கணவரை மேலே அனுப்பினார். ஒரு சொட்டு விழுந்தாலும் அப்படியே திரும்பிப் போய்விடுவேன் என்று முன்னாலேயே சொல்லிவிட்டார்.

பரிசோதகர் தண்ணீர் விட்டார். தளத்தில் கணுக்காலளவு நின்றது. ஏணியில் பாதி இறங்கி வந்து, சன்னல் வழியாக எட்டி மேற்கூரையை மூலைமூலையாகப் பார்த்தார். எங்கேயும் ஈரம் இல்லை.

“போதுமா?” என்றார்.

தையலம்மா கீழே துணியின் நடுவில் நாற்காலி போட்டு அண்ணாந்து உட்கார்ந்திருந்தார்.

“இன்னும் விடுங்க.”