ஜம்புலிங்கம் அண்ணாச்சி பொருத்திய டர்போ

ஜெகநாதனை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுநிலையாக எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். ஆனாலும் இது அவனைப் பற்றியதல்ல, ஜம்புலிங்கம் அண்ணாச்சியைப் பற்றியது.

அண்ணாச்சி தூத்துக்குடிக்காரர். 1956-இல் போர்ட் பிளேரில் வந்து இறங்கியவர். ஃபீனிக்ஸ் பே படகுப் பட்டறையில் டீசல் மெக்கானிக். அதே பட்டறையில் நான் ஸ்டோர் கிளார்க், பெயர் பன்னீர்செல்வம். குடியிருப்பில் அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு பலகைச் சுவர்தான். அங்கே மீன் பொரிந்தால் இங்கே எனக்குப் பசிக்கும்.

எந்தப் படகு துறைக்குள் நுழைந்தாலும், அதன் சத்தத்தைக் கேட்டு, குளித்துக்கொண்டிருந்தாலும் அண்ணாச்சி தலையை மட்டும் வெளியே நீட்டுவார். "மூணாவது சிலிண்டரு சோம்பேறித்தனம் பண்ணுதுல்லா" என்பார். மறுநாள் பிரித்துப் பார்த்தால் மூன்றாவது சிலிண்டர்தான். லேத்தில் அவர் கடைந்த எந்தச் சாமானிலும் ஓரமாக மூன்று புள்ளி குத்தியிருக்கும். எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். "நாளைக்கு இது ஒடைஞ்சா யாரைத் திட்டணும்னு தெரிய வேண்டாமா?" என்றார். உடைந்ததாக எனக்கு நினைவில்லை.

இப்படி எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்த மனிதர் தன் பிற்காலத்தைப் பார்க்கவில்லை. அவர் வயதுக்காரர்கள் சிலர் திக்லிபூரில் பாக்குத் தோட்டம் வாங்கினார்கள், சிலர் பஜாரில் கடை போட்டார்கள். அண்ணாச்சி எதுவும் செய்யவில்லை. 1977 ஜூனில் ஓய்வு என்று அந்த வருடத் தொடக்கத்தில் தாள் வந்தபோதுதான் விழித்தார். ஓய்வு என்றால் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். வேறு பிழைப்பு இல்லையென்றால் மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏற வேண்டும். பிள்ளைகளும் இல்லை. தூத்துக்குடியில் தம்பி வீட்டில் ஒரு அறை ஒதுக்கித் தருவதாகக் கடிதம் வந்திருந்தது.

அவர் மனைவி விசாலாட்சி அந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டார். "இருவத்தோரு வருசம் இந்த மழையிலயும் அட்டைக்கடியிலயும் கெடந்தாச்சு. இனி என் ஊரு இதுதான். கொழுந்தன் பொண்டாட்டி போடுத சோத்துக்கு நான் தட்டு ஏந்த மாட்டேன்" என்றார். எப்போதும் சத்தம் போட்டுப் பேசுகிறவர் அன்று மெதுவாகச் சொன்னார். பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்குக் கேட்டது.

அப்போதுதான் விமான நிலைய ஸ்டாண்டில் ஒரு டாக்ஸி பெர்மிட் காலியானது. ஒன்றே ஒன்று. அது கிடைத்தால் தீவிலேயே இருக்கலாம். அண்ணாச்சியிடம் ஒரு வண்டியும் இருந்தது, அதை வண்டி என்று சொல்லலாம் என்றால். அரசாங்கம் கழித்துக்கட்டிய பழைய அம்பாசிடர். அதன் பெட்ரோல் எஞ்சின் செத்துப்போயிருந்தது. மீன் திருட வந்து பிடிபட்ட அயல்நாட்டுப் படகு ஒன்றின் சின்ன ஜப்பான் டீசல் எஞ்சினை ஏலத்தில் எடுத்து, அதில் இறக்கியிருந்தார். பானெட் மூடவில்லை என்று தகட்டை வெட்டி ஒரு திமில் வைத்தார். தெருவில் போனால் வங்காளிப் பிள்ளைகள், "ஜஹாஸ் ஆ கயா, ஜஹாஸ்!" என்று கத்துவார்கள். கப்பல் வந்துவிட்டதாம். அண்ணாச்சி அதற்கு ஹாரன் வேறு அடிப்பார்.

சமதரையில் அது ஓடியது. ஏற்றத்தில் முக்கியது. போர்ட் பிளேரில் ஏற்றம் இல்லாத தெரு எது? மார்ச் மாதச் சோதனையில், நான்கு பேரை ஏற்றிக்கொண்டு கடற்கரையிலிருந்து மேட்டுக்கு ஏறும் சாலையில் கால்வாசி தூரத்திலேயே நின்றுபோனது. சோதனை அதிகாரி கறாரானவர், ஆனால் நியாயமானவர். மே மாதம் இன்னொரு வாய்ப்பு தருகிறேன், அதுதான் கடைசி என்றார்.

டர்போ போடலாம் என்ற யோசனை அப்படித்தான் வந்தது. எனக்கு அது புதுச் சொல். அண்ணாச்சி விளக்கினார். சைலன்சர் வழியே வீணாகப் போகிற புகை ஒரு சக்கரத்தைச் சுற்றும். அந்தச் சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் ஊதும். துருத்தி ஊதினால் கரி கனல்கிற மாதிரி, அதே எஞ்சின் இரண்டு மடங்கு இழுக்கும். எஞ்சினை எடுத்த அதே ஏலத்தில் வந்த ஓட்டைச் சாமான் பெட்டி ஒன்றுக்குள் இரண்டு டர்போக்கள் கிடந்தன. ஒன்று புல்டோசரில் இருந்தது, பூசணிக்காய் அளவு. இன்னொன்று ஏதோ படகினுடையது, தேங்காய் அளவு.

எதைப் போடுவது? இதற்குத்தான் ஜெகநாதன் வந்தான்.

அவனும் தூத்துக்குடிதான். 1963-இல் வேலை இல்லாமல் சுற்றியவனை அண்ணாச்சிதான் தீவுக்கு அழைத்து வந்தார். இரண்டு வருடம் அவர்கள் வீட்டுச் சோறு. காய்ச்சலில் கிடந்தபோது விசாலாட்சி அக்கா கஞ்சி ஊட்டினார். அவனுக்குப் பெண் பார்த்ததும் அவர்தான். இப்போது காண்ட்ராக்டரிடம் லாரி ஓட்டினான். தீவின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் அவனுக்கு மனப்பாடம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. இரண்டு டர்போக்களையும் சாக்கின் மேல் வைத்துவிட்டு அண்ணாச்சி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"எனக்குப் பெருசுதான் சரின்னு படுது. படகுன்னா பெருசுதான். முழு ஓட்டத்துல போட்டா போட்டபடி எட்டு மணி நேரம் போவும். ஆனா ரோடு எப்படின்னு எனக்குத் தெரியாதுல்லா. நீ ரோட்டுல ஓட்டுதவன். நீ சொல்லு" என்றார்.

ஜெகநாதன் சின்ன டர்போவைக் கையில் எடுத்தான். அதன் சக்கரத்தை விரலால் ஒரு தட்டு தட்டினான். அது வெகுநேரம் சுற்றியது. சுற்றி நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன், அவன் முகத்தைப் பார்க்காமல் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், மடையன்.

"பெருசே போடுங்க அண்ணாச்சி. மேல ஏற ஏறக் காத்து நெறைய வேணும்லா. இது பொம்மை. இதை வச்சு என்ன செய்ய?"

"அப்ப பெருசு."

"பக்கா. கண்ண மூடிக்கிட்டுப் போடுங்க." பிறகு, போகிற போக்கில் கேட்பதுபோல, "இந்தப் பொம்மைய நான் எடுத்துக்கிடவா? திக்லிபூர்ல எங்க முதலாளிக்கு ஒரு ஜெனரேட்டர் கெடக்கு" என்றான்.

"எடுத்துக்கோ. ஒனக்கு இல்லாததா?" என்றார் அண்ணாச்சி. அதோடு விட்டாரா? ஜெனரேட்டரில் உட்கார அதற்கு ஒரு தகடு வேண்டுமே என்று, அளவு கேட்டு வாங்கி, போர்மேனிடம் சொல்லிவிட்டு, அடுத்த ஞாயிறு முழுக்கப் பட்டறை லேத்தில் நின்று கடைந்து கொடுத்தார். இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தார். "ஓடி முடிச்ச ஒடனே எஞ்சினை அணைச்சிராத. ரெண்டு நிமிசம் சும்மா ஓடட்டும். இல்லேன்னா எண்ணெய் நின்னு பேரிங் கருகிரும்." ஜெகநாதன் தலையாட்டினான். விசாலாட்சி அக்கா அவனுக்கு மீன் குழம்பு ஊற்றினார். தின்றுவிட்டுத்தான் போனான்.

பெரிய டர்போவை நம் வண்டியில் பொருத்த மூன்று வாரம் ஆனது. அது ஊதுகிற ஊதலை எஞ்சின் தாங்க வேண்டுமென்று அண்ணாச்சி தடித்த கேஸ்கட் போட்டார். அதனால் டர்போ சுற்றாதபோது எஞ்சின் முன்னைவிடச் சற்றுத் தொய்வாகத்தான் இழுக்கும் என்றும் சொன்னார். "பரவால்ல. அதான் சுத்துமே!"

சுற்றத்தான் செய்தது. கடற்கரைச் சாலையில் வேகம் பிடித்துக்கொண்டு போய் மேட்டில் விட்டார். ஒரு விசில் சத்தம் எழும்பியது, முதுகை யாரோ பிடித்துத் தள்ளிய மாதிரி வண்டி ஒரே மூச்சில் உச்சிக்குப் போய்விட்டது. பின்சீட்டில் இருந்த பஜார் கடைக்காரர் ஜெய்னுதீன் பாய், "யா அல்லாஹ்! இறக்கிவிடுங்க அண்ணாச்சி, நான் நடந்தே போறேன்" என்று அலறினார். அன்று அண்ணாச்சி சிரித்த சிரிப்பு இருக்கிறதே, ஐம்பத்தெட்டு வயது ஆளைப் போலவே இல்லை.

மே மாதச் சோதனை. முன்சீட்டில் அதிகாரி. பின்சீட்டில் நானும் ஜெய்னுதீன் பாயும் விசாலாட்சி அக்காவும். எடைக்கு யாராவது வேண்டுமல்லவா, நானே வருகிறேன் என்று புதுச் சேலை கட்டி வந்திருந்தார். கீழே இன்னொரு மனுதாரரின் ஜீப் நிற்பதாகச் சொன்னார்கள். யார் என்று நாங்கள் பார்க்கவில்லை.

விசில் எழுந்தது. வண்டி பறந்தது. பாதி மேட்டில், செங்குத்தான வளைவில், அதிகாரி கையைக் காட்டினார்.

"யஹாங் ரோக்கோ."

அண்ணாச்சி நிறுத்தினார். ஏன் என்று கேட்பதுபோல அவரைப் பார்த்தார்.

"அப் சலாவ்." ஏற்றத்தில் நின்ற வண்டியை எடுக்க வேண்டும். சோதனையின் முக்கியமான பகுதியே அதுதானாம். மார்ச் மாதத்தில் வண்டி அதுவரை வந்திருந்தால்தானே எங்களுக்குத் தெரியும்!

அண்ணாச்சி கியரைப் போட்டார். எஞ்சின் உறுமியது, கரும்புகை எழுந்தது, வண்டி ஒரு முழம் ஊர்ந்து நின்றது. மறுபடி எடுத்தார். மறுபடி நின்றது. நின்ற வண்டியின் கொஞ்சப் புகைக்கு அந்தப் பெரிய சக்கரம் அசையவில்லை. கடலில் எந்தப் படகையும் அலையின் நடுவே நிறுத்தி எடுக்கச் சொல்வதில்லை. இருபத்தோரு வருடம் கடல் எஞ்சினைக் கேட்ட காது, இதை அந்தக் கணத்தில்தான் கேட்டது. மூன்றாவது முறை எடுக்கும்போது அவர் பிடரி நனைந்திருந்தது. அக்கா என் கையைப் பிடித்திருந்தார், நகம் பதிந்தது. வண்டி பின்னால் நழுவியது. அதிகாரி மெல்ல, "பஸ், தாதா" என்றார், போதும் என்று.

நாங்கள் இறங்கி ஓரமாக நின்றோம். அதிகாரி கீழே நடந்து போய் ஏறிக்கொண்டதும், கீழிருந்து அந்த ஜீப் வந்தது. அதே வளைவில் நின்றது. நின்ற நொடியில், ஒரு சின்னக் கீச்சுச் சத்தத்தோடு, வெண்ணெயில் கத்தி போவதுபோல ஏறிப் போனது. ஓட்டியவன் ஜெகநாதன்.

நாங்கள் உச்சிக்கு நடந்து போய்ச் சேர்ந்தபோது அவன் எஞ்சினை ஓடவிட்டபடி பானெட்டைத் திறந்து அதிகாரிக்குக் காட்டிக்கொண்டிருந்தான். உள்ளே அந்தத் தேங்காய். அதன் அடியில் பளபளப்பாக ஒரு தகடு. தகட்டின் ஓரத்தில் மூன்று புள்ளி.

அண்ணாச்சி அதைப் பார்த்தார். ஜெகநாதன் எங்களைப் பார்த்ததும் முகம் வெளுத்து, சட்டென்று வண்டிக்குள் கையை விட்டான், எஞ்சினை அணைக்க.

"அணைக்காதல! ரெண்டு நிமிசம் ஓடட்டும்!"

கத்தியது அண்ணாச்சிதான். அவருக்கே தெரியாமல் வந்துவிட்டது. ஜெகநாதனின் கை சாவியில் அப்படியே நின்றது. அந்த இரண்டு நிமிடமும் நாங்கள் அத்தனை பேரும் அந்த எஞ்சினைக் கேட்டுக்கொண்டு நின்றோம். இவ்வளவு கேவலமான இரண்டு நிமிடத்தை நான் வாழ்க்கையில் கண்டதில்லை. அவன் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

"எரிஞ்சு போவட்டும்னு விட வேண்டியதுதான? வாயில என்ன பூட்டா போட்டிருந்துச்சு?" என்று அக்கா வீட்டுக்கு வந்து அழுதார். மறுநாளிலிருந்து பட்டறையில் படகுச் சத்தம் கேட்டாலும் அண்ணாச்சி தலையைத் தூக்குவதில்லை. அது எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. ஒருநாள் மட்டும் என்னிடம், "நானே பெருசைப் போட்டுத் தோத்திருந்தா ஒண்ணுமில்ல பன்னீரு. அவங்கிட்ட கேட்டேன்லா" என்றார்.

எஞ்சினையும் டர்போவையும் ஜெய்னுதீன் பாய் தன் சரக்குப் படகுக்கு வாங்கிக்கொண்டார். கடலில் அது அருமையாக ஓடியதாகப் பின்னால் சொன்னார்.

ஜூலையில் கப்பல். துறைமுகக் கொட்டகையில் இரண்டு டிரங்குப் பெட்டியும் ஒரு மெத்தைச் சுருளுமாக உட்கார்ந்திருந்தோம். அக்கா கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். கொட்டகைக்கு வெளியே ஒரு வண்டி வந்து நின்றது. நின்ற பிறகும் எஞ்சின் அணையவில்லை, ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டு நிமிடம். பிறகு நின்றது.

பல வாரங்களுக்குப் பிறகு அண்ணாச்சி தலையைத் தூக்கினார். வாசலில் ஜெகநாதன் நின்றான், கையில் ஒரு பழப்பை, உள்ளே வரத் துணியவில்லை.

"பாத்தியா பன்னீரு" என்றார் அண்ணாச்சி, அவனைப் பார்க்காமலே. "நான் சொன்னதை அவன் கேக்கான். வண்டி நல்லா இருக்கு. அவன் சொன்னதை நானும் கேட்டேன்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கப்பலுக்கு நடந்தார்.