இலியேசா காத்திருந்த சனிக்கிழமை

செய்தி வந்த அன்று எங்கள் வாசலில் இருந்தவர்கள் இரண்டே பேர். இலியேசா, நான். அப்பா முனி இல்லை, கரும்பு ஏற்றிய லாரியோடு லௌடோகா ஆலை வரிசையில் நின்றிருந்தார். அக்கா சரோஜா இல்லை. நாடி நகரில் ஓர் ஓட்டலில் படுக்கை விரிப்பு மாற்றும் வேலைக்குப் போயிருந்தாள்.

அவர்கள் இருவருக்கும் வந்த நல்ல செய்தியை நான் விழுங்கிவிட்டேன். அந்த இடத்தில் ஒரு பொய்யை வைத்தேன். என் பட்டம் அந்தப் பொய்யால் வாங்கியது.

இதைத் தமிழில் எழுதுவதை மொழிப்பற்று என்று எண்ணிவிடாதீர்கள். கரும்பு வெட்டக் கப்பலில் இந்தத் தீவுக்கு வந்தவர்களின் வழி வந்தவர்கள் நாங்கள்; எங்கள் வீட்டில் பேச்சு இந்தி. அப்பாவுக்குத் தமிழ் கோயில் பாட்டோடு சரி. கோயில் வகுப்பில் உட்கார்ந்து எழுதப் படிக்கக் கற்றவன் நான் ஒருவன்தான். யாருக்குத் துரோகம் செய்தேனோ அவர்களால் இதைப் படிக்க முடியாது. உங்களால் முடியும்... இது வாக்குமூலமா, ஒளிந்துகொள்ள இன்னொரு இடமா?

நாங்கள் உழுத பன்னிரண்டு ஏக்கர் எங்களுடையதல்ல. ஆற்றுக்கு அப்பால் இருந்த, தீவின் பூர்வகுடிகளான இலியேசாவின் குலத்தாருடைய நிலம். எங்கள் குத்தகை முடிந்த அதே வருடம்தான் தலைநகர் சுவாவில் பூர்வகுடிகளின் பெயரைச் சொல்லிச் சிலர் இந்தியர் தலைமையிலான ஆட்சியைத் துப்பாக்கியோடு பிடித்தார்கள். அங்கே என் கல்லூரி வகுப்புகள் நின்றுபோய் நான் வீட்டுக்கு வந்திருந்தேன். சுற்றிலும் குத்தகை புதுப்பிக்கப்படாத குடும்பங்கள் கூரைத் தகரத்தைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தன.

அப்பாவிடம் வங்கியில் ஏழாயிரம் டாலர் இருந்தது. பாதிக்கு மேல் அக்காவின் சம்பளம். புதுக் குத்தகைக்கு அது சரியாக இருக்கும். சுகாதார அறிவியல் இளங்கலையில் எனக்கு மீதியிருந்த இரண்டு வருடங்களுக்கும் சரியாக இருக்கும். இரண்டுக்கும் போதாது.

"நெலம் கெடைச்சா பணம் நெலத்துக்கு. நீ படிப்பை நிறுத்திட்டு என்கூட நில்லு," என்றார் அப்பா. "கெடைக்கலேன்னா உன் படிப்புக்கு. படிச்சு எங்களை நியூசிலாந்துக்குக் கூட்டிட்டுப் போ."

அக்கா சிரித்தாள். "தம்பிக்குக் கரும்பு வெட்டினா கை கொப்புளிச்சிடும்ப்பா. நான் நிக்கிறேன். இங்க டிராக்டர் ஓட்டுறது யாராம்?"

வேடிக்கை என்று எடுத்துக்கொண்டோம். அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

பிறகு அந்த நாள். இலியேசா வெட்டுக்கத்தியை மாமரத்தில் சாய்த்துவிட்டு நின்றார். இளம் வயதிலிருந்து அப்பாவோடு ஒரே கூட்டத்தில் கரும்பு வெட்டியவர். அக்காவுக்கு ஆற்றில் மீன் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர்.

"குத்தகைக்கு எங்க பெரியவங்க ஒத்துக்கிட்டாங்க, ராஜு. சனிக்கிழமை மத்தியானம் அப்பாவை யங்கோனா எடுத்துக்கிட்டு வரச் சொல்லு. பாய் போட்டு உட்கார்ந்திருப்போம்."

யங்கோனா, நாங்கள் இடித்துக் கரைத்துக் குடிக்கும் வேர். எதைக் கேட்பதானாலும் அந்த வேர்க்கட்டைப் பெரியவர்கள் முன் வைத்துத்தான் கேட்க வேண்டும். அதைக் கேட்கிறவன் கொண்டுபோக வேண்டும். கொடுக்கிறவர்கள் தேடி வரமாட்டார்கள், அது முறையல்ல.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறாங்க. முனிக்கு அப்புறம் யாரு வெட்டுவா? நீயா?" என் கையைப் பிடித்துப் பார்த்தார். "பாதிரியார் கை மாதிரில்ல இருக்கு."

அக்கா இருக்கிறாள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "அப்பாகிட்ட சொல்றேன் மாமா," என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலை அப்பா வந்ததும் சொன்னேன்: "இலியேசா மாமா வந்தார். பெரியவங்க முடியாதுன்னுட்டாங்களாம்."

அப்பா ஏன் என்று கேட்கவில்லை. அந்த வருடம் முடியாது என்ற சொல்லுக்கு யாரும் சாட்சி கேட்கவில்லை. அதைத்தான் நான் பயன்படுத்திக்கொண்டேன்... ஊரெங்கும் இருந்த பயத்தை என் பொய்க்குத் துணையாக நிறுத்தினேன். கால் கழுவிக்கொண்டே அப்பா சொன்னார், "ஆள் அனுப்பாம அவனே வந்து சொன்னான் பாரு. அது போதும்."

அக்கா அப்படிப் பேசவில்லை. "அவங்க எல்லாரும் ஒண்ணுதான்," என்றாள். அதற்குப் பிறகு இலியேசாவின் பெயரை அவள் வாயில் நான் கேட்டதில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அப்பா கூரைமேல் ஏறித் தகரத்து ஆணிகளைப் பிடுங்கினார். கீழே நின்று ஒவ்வோர் ஆணியாக வாங்கி டப்பாவில் போட்டேன். அப்போதும் நேரம் இருந்தது. ஆற்றைக் கடந்தால் பாய் விரித்து உட்கார்ந்திருப்பார்கள். வாயைத் திறந்திருந்தால்... டப்பா நிறைந்தது. இன்னொரு டப்பா எடுத்து வந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் படிப்பு எங்களை எங்கும் கூட்டிப் போகாது என்று எனக்கு அப்போதே தெரியும். முதல் வருடத்திலேயே ஓர் ஆசிரியை சொல்லியிருந்தார், இது செவிலியர் படிப்பல்ல, இதை மட்டும் காட்டினால் வெளிநாட்டில் நோயாளியைத் தொட விடமாட்டார்கள் என்று. வீட்டிலோ அப்பா அதை டாக்டருக்கு அடுத்தபடி என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் திருத்தவில்லை. கரும்புச் சோகை கழுத்தில் அறுக்காத ஒரு வாழ்க்கை வேண்டும் என்று மட்டும் நினைத்தேன். அது அவ்வளவு பெரிய ஆசையா? நீங்களே சொல்லுங்கள். இல்லை, சொல்லாதீர்கள்.

பட்டம் வந்தது. விசா வரவில்லை. லௌடோகா அருகே நடபுவாவில் எடுத்த வாடகை அறையில் அப்பா நாள் முழுவதும் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கடைசியில் நியூசிலாந்துக் கதவைத் திறந்தவள் அக்கா. முதியோரைப் பராமரிக்க ஆறு மாதப் பயிற்சி, அவ்வளவுதான். ஆக்லாந்தில் முன்பின் தெரியாத கிழவர்களைக் குளிப்பாட்டி, அப்பாவையும் அழைத்துக்கொண்டாள். டிராக்டர் ஓட்டிய கை.

படிப்பு வீண் என்று சொல்லிவிட்டால் எனக்கு எளிது. அதுவும் பொய்யாகிவிடும். ஊர் ஊராகப் போய்ச் சர்க்கரை நோய் பார்க்கும் வேலை கிடைத்தது. தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாதிருந்த பலரை நேரத்தில் மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கிறேன். அவர்களைத் தராசின் எந்தத் தட்டில் வைப்பது?

சென்ற மாதம் ஆற்றுக்கு அப்பால் முகாம். வரிசையில் இலியேசா. தலை முழுக்க நரைத்திருந்தது.

"கரும்புக்காரன் மகன் சக்கரை சாப்பிடாதேங்குறான்," என்று பின்னால் நின்றவரிடம் சொல்லிச் சிரித்தார். பிறகு விரலை நீட்டிக்கொண்டு, மெதுவாக, "முனிக்கு எங்க மேல என்ன கோபம்?" என்றார்.

நான் ஊசியைத் தேடினேன்.

"இருட்டுற வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். எங்க சித்தப்பா ஒண்ணும் பேசாம எழுந்து போனார். நான் என்ன தப்பு பண்ணேன்னு இன்னும் யோசிக்கிறேன், ராஜு."

இதோ சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். "அன்னிக்கு அப்பாவுக்கு உடம்பு சரியில்ல மாமா," என்று வந்தது வாயில்.

அவர் முகம் தெளிந்தது. "அப்ப கோபம் இல்ல," என்றார். "நான் விசாரிச்சேன்னு முனிகிட்ட சொல்லு."

ஞாயிறுதோறும் அப்பா ஆக்லாந்திலிருந்து பேசுகிறார். குளிர் எலும்பில் இறங்குகிறது என்கிறார். என் வேலையைக் கேட்கிறார், பெருமையாக. நான்கு ஞாயிறுகள் போய்விட்டன. இலியேசா விசாரித்ததை நான் சொல்லவில்லை. இரண்டாவது செய்தியையும் விழுங்கிவிட்டேன்.

செலவு எவ்வளவு என்று கேட்டால், சுவாவில் நான் கட்டியது ஏழாயிரம் டாலர். அதற்கு அப்பாவும் அக்காவும் கொடுத்த விலை பன்னிரண்டு ஏக்கர், ஒரு வீடு, இலியேசா.