டீக்குப் பிறகு ஒட்டிய ஸ்டிக்கர்கள்

நான் முனைவர் பட்டம் வாங்கியபோது எங்கள் தெருக்காரர்கள் பஸ் ஸ்டாப்பில் ஒரு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் பனியன் கம்பெனிகளுக்கு நடுவே கிடக்கிற சின்னத் தெரு எங்களுடையது. அங்கிருந்து 'டாக்டர்' ஆன முதல் ஆள் நான்தான். ஃப்ளெக்ஸ் கடைக்காரர் அந்த ஒரு வார்த்தையைப் பார்த்துவிட்டு, யாரையும் கேட்காமல் என் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பை ஒட்டிவிட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அம்மாவிடம் கழற்றச் சொல்லிக் கத்தினேன். "இருந்துட்டுப் போகுது கண்ணு, நல்லாத்தான இருக்குது" என்றாள். மழையில் நைந்து கிழியும்வரை அது அங்கேயே இருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீடு 'டாக்டரூடு' ஆகிவிட்டது. நான் லீவில் வந்தால் போதும், மாத்திரை அட்டையும் கையுமாக வாசலில் ஆள் நிற்கும். மூட்டுவலி, சர்க்கரை, பேரனுக்குச் சளி. "நான் அந்த டாக்டர் இல்லீங்க" என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. "அட, தெரிஞ்சதச் சொல்லுங்க அம்மணி" என்பார்கள். தெரிந்தால் அல்லவா சொல்வதற்கு! கடைசியில் யார் உடம்பைப் பற்றி வாயைத் திறந்தாலும் அந்தப் பதில் தானாக வந்து விழும் அளவுக்குப் பழகிவிட்டது. அம்மாவிடமும் அதே பதில்தான்.

நான் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கிறேன். நான் பார்க்கிற பொருளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தசை அசைய வேண்டுமென்றால் நரம்பு தன் நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தைச் சிந்தும். அதை வாங்கிக்கொள்ளத் தசையின் சவ்வில் ஒரு புரதம் இருக்கிறது. ஐந்து துண்டுகள் வட்டமாக நிற்கும், நடுவில் ஒரு துளை. ரசாயனம் வந்து ஒட்டினால் துளை திறக்கும், சோடியம் அயனிகள் உள்ளே பாயும், தசை சுருங்கும். கண் திறப்பது, சோறு மெல்லுவது, மூச்சு இழுப்பது எல்லாம் இதனால்தான். ரசாயனம் விலகாமல் ஒட்டிக்கொண்டே இருந்தால் சற்று நேரத்தில் துளை மூடிவிடும். பிறகு எவ்வளவு ஊற்றினாலும் திறக்காது. அப்படி மரத்துப்போன நிலையில் அந்தப் புரதம் என்ன வடிவத்தில் இருக்கிறது என்பதுதான் என் வேலை. மின்திருக்கை மீனிலிருந்து அதைப் பிரித்து, கண்ணிமைக்கும் நேரத்தில் உறையவைத்து, எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் படம் எடுக்கிறோம்.

என் ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் ஒரு நோயின் பெயர் வருகிறது. மயஸ்தீனியா. உடம்பு இந்தப் புரதத்தையே எதிரி என்று நினைத்து அழிக்கத் தொடங்கினால் வருவது. முதலில் இமை சரியும், பொருள் இரண்டாகத் தெரியும், பிறகு மெல்ல முடியாது, விழுங்க முடியாது, கடைசியில் மூச்சு. இந்தத் துறையில் எல்லாரும் அந்த வரியை எழுதுவார்கள். இந்த ஆராய்ச்சியால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்பவர்கள் வாயை அடைப்பதற்காக நானும் எழுதினேன்.

அம்மா எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் செக்கிங்கில் இருந்தாள். தைத்து வந்த பனியன்களை விளக்குக்குக் கீழே விரித்து, ஓட்டையோ கறையோ தையல் விட்ட இடமோ இருந்தால் அதன்மேல் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். அப்பா நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே போய்விட்டார். அந்த ஸ்டிக்கரை ஒட்டித்தான் என்னைப் படிக்கவைத்தாள்.

அவள் என்னிடம் மூன்று முறை சொன்னாள். முதல் முறை போனில், "சோறு மெல்ல மெல்ல வாய் ஓஞ்சு போகுது கண்ணு" என்றாள். "நான் அந்த டாக்டர் இல்லம்மா, எத்தன தடவ சொல்றது?" என்றேன். அடுத்த முறை, கொண்டை போடக் கையைத் தூக்கினால் தூக்கின கை நிற்கவில்லை என்றாள். வயசாகிறது என்றேன். மூன்றாவது முறை, சாயங்காலம் ஆனால் எல்லாம் ரெண்டு ரெண்டாகத் தெரிகிறது என்றாள். கண்ணாடியை மாற்று என்றேன். மாற்றினாள், பாவம். அதற்குப் பிறகு உடம்பைப் பற்றி அவள் பேசவே இல்லை. அப்பாடா என்று இருந்தது எனக்கு. வீடியோ காலில் நன்றாகத்தான் இருந்தாள். நான் கூப்பிடுவது எப்போதும் காலையில். சாயங்காலம் எனக்கு மைக்ரோஸ்கோப் நேரம்.

போன ஆவணியில் ஒரு கல்யாணத்துக்காக லீவு போட்டு வந்தேன். வீடு பூட்டியிருந்தது. சாவி வாங்கக் கம்பெனிக்குப் போனபோது டீ டைம் முடிந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. செக்கிங் சூப்பர்வைசர், தேனிப் பக்கத்துப் பெண், என்னைக் கண்டதும் தனியாக அழைத்தாள்.

"நல்லவேள, நீங்களே வந்துட்டீக மேடம். அம்மா தங்கமான வேலக்காரவுக. ஆனா ஒரு மாசமா இப்படித்தேன் பண்றாக. நீங்களே பாருங்க."

அங்கே மணிக்கு ஒரு கட்டாகப் பார்த்த உருப்படிகளைக் கட்டி, பேரும் நேரமும் எழுதிய சீட்டைச் செருகிவைப்பது வழக்கம். அம்மாவின் கட்டுகளை அவள் வரிசையாகப் பிரித்தாள். காலை முதல் கட்டில் ஒவ்வோர் அம்பும் ஓட்டையின் மேலேயே இருந்தது. அடுத்ததில் ஒரு நூல் அளவு தள்ளி. அதற்கடுத்ததில் விரல் அளவு. சாப்பாட்டு நேரம் முடிந்து கட்டியதில் மறுபடியும் சரியாக இருந்தது. பிறகு மீண்டும் தள்ளத் தொடங்கி, டீக்கு விடுகிற பத்து நிமிடம் போதாமல், டீக்குப் பிறகு வந்ததில் அம்பு ஒருபக்கம், ஓட்டை ஒருபக்கம். எல்லாம் ஒரே திசையில் தள்ளியிருந்தன.

"ரெஸ்ட் எடுத்தா சரியாயிருது மேடம். கண்ணாடிகூட மாத்திட்டாக" என்றாள் அவள்.

உழைத்தால் மங்கும், ஓய்வெடுத்தால் திரும்பும். நான் பாடம் நடத்தும்போது பலகையில் எழுதுகிற வாக்கியம். சிறுபிள்ளைகளின் பனியன்களில் அது சிவப்பாக ஒட்டியிருந்தது. எனக்குப் பகீர் என்று இருந்திருக்க வேண்டும். இல்லை. கட்டுகளை நேர வாரியாகத் திரும்ப அடுக்கிவைத்தேன், அவ்வளவுதான்.

அம்மா மேசை முன்னால் தாடையை உயர்த்திக்கொண்டு துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது இமை பாதிக் கண்வரை இறங்கியிருந்தது.

"எப்ப வந்த கண்ணு?" என்றாள். குரல் மூக்கிலிருந்து வந்தது.

"ரெண்டாத் தெரியறப்ப எப்படிம்மா ஒட்டற?"

"எது நெசம்னு பாத்து ஒட்டுவேன். பாதி நேரம் தப்பாப் போயிருது."

வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிஜ்ஜிலிருந்து ஐஸ் கட்டியை எடுத்து, பனியன் வேஸ்ட் துணியில் சுற்றி, அவள் இமைமேல் இரண்டு நிமிடம் வைத்தேன். குளிரில் இந்த நோயின் பிடி சற்றுத் தளரும். எடுத்துப் பார்த்தால் இமை ஏறியிருந்தது. "அட, நல்லாயிருச்சே! டாக்டருன்னா சும்மாவா?" என்று அம்மா சிரிக்கப் பார்த்தாள். வாய் ஓரம் மேலே போகவில்லை. காப்பி கொடுத்தேன். இரண்டாவது மடக்கு மூக்கு வழியாக வந்தது. விழுங்க முடியவில்லை என்றால் அடுத்தது மூச்சு. வந்த பையைப் பிரிக்காமல் அதே காலோடு காரில் ஏற்றிக் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனேன்.

ஆஸ்பத்திரியில் நரம்பியல் மருத்துவரிடம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். "நீங்க டாக்டரா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பின்ன?" அசிட்டைல்கோலின் ரிசெப்டரில் ஆராய்ச்சி செய்கிறேன் என்றேன். அவர் பேனாவை நிறுத்தி என்னை ஒரு முறை பார்த்தார். மறுபடி எழுதத் தொடங்கினார். இரத்தப் பரிசோதனையும் மூச்சுப் பரிசோதனையும் வந்த பிறகு, "மூச்சுத் தசை வரைக்கும் வந்திருக்கு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா வென்டிலேட்டர்தான். சட்டுனு யார்கிட்டயும் சொல்லலையா அவங்க?" என்றார். நான் ஃபைலை வாங்கிக்கொண்டேன்.

ஐந்து நாள் ஊசிமருந்து ஏறியது. மூக்கு வழியாகக் குழாயில் கஞ்சி. மாத்திரை கொடுத்துச் சற்று நேரத்தில் இமை ஏறும், சில மணி நேரத்தில் இறங்கும். நான் நேரம் போட்டுக் குறித்துக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. வரட்டும் என்று பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். வரவில்லை. கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். பெங்களூரிலிருந்து என் மாணவி படங்கள் நன்றாக வந்திருப்பதாகச் செய்தி அனுப்பியிருந்தாள். சரி என்று பதில் போட்டேன்.

குழாயை எடுத்த அன்று அம்மா தனக்கு என்னதான் ஆயிற்று என்று கேட்டாள். ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் ஐந்து வட்டங்கள் வரைந்து, நடுவில் துளையைக் காட்டி, ரசாயனம் வந்து ஒட்டுவதையும் உடம்பே அந்த வட்டங்களை அழிப்பதையும் சொன்னேன். என் வேலையை அவளுக்கு விளக்கியது அதுதான் முதல் முறை. இத்தனை வருடங்களில் அவளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

"இதையத்தான் நீ அங்க பாத்துட்டு இருக்கறயா?"

"ஆமாம்மா."

"அடேங்கப்பா!" என்றாள்.

சாயங்காலம் பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக இருந்த தாராபுரத்துப் பெண்மணியிடம் அந்தத் தாளை எடுத்துக் காட்டினாள். குரல் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. "எம்புள்ள இந்த நோவத்தானுங்க படிச்சுது. பல வருசமா இதே வேலைங்க" என்றாள் பெருமையாக.

அந்தம்மா தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, மனதில் பட்டதைக் கேட்டார்.

"அப்பறம் ஏனுங்க அம்மணி இந்தளவுக்கு முத்த உட்டீங்க? அம்மா முன்னமே சொல்லலீங்களா?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"நாந்தானுங்க சொல்லாம உட்டுட்டேன். அது பாவம், என்ன பண்ணும்?"

"அதான பாத்தேன்" என்றார் அந்தம்மா, நிம்மதியாக. "பெத்தவங்களே இப்படித்தானுங்க, எல்லாத்தையும் மறச்சுப்போடுவாங்க" என்று என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

நானும் ஆமாங்க என்று தலையாட்டினேன்.